கம்பியில் ஒரு துண்டு கூடுதல்

இன்றைக்கு எண்ணவே கூடாது என்று தினமும் உறுதி எடுத்துக்கொண்டுதான் லினெட் வீட்டை விட்டுக் கிளம்புவாள். தேவாலயத் திருப்பம் வரைக்கும் அந்த உறுதி தாக்குப்பிடிக்கும். அதற்கப்புறம் கடல் தெரிய ஆரம்பித்துவிடும். கடல் தெரிந்தால் கடலோரப் பாறையில் நீந்துவதற்காகக் கட்டிய பாறைக்குளம் தெரியும், குளம் தெரிந்தால் அதன் ஓரத்துக் கம்பியும் தெரியும். கம்பியைப் பார்த்த பிறகு எண்ணாமல் இருக்க அவள் என்ன மரக்கட்டையா?

அறுபத்தெட்டு வயது அவளுக்கு. பெரிங்கா என்கிற இந்தக் கடற்கரை ஊரில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தண்ணீரில் இறங்க மாட்டாள், நடை மட்டும்தான். அந்த நடையில் அவளுக்கென்று சில சந்தோஷங்கள் உண்டு. பேக்கரியின் பின்வாசல் ஆறேகாலுக்குத் திறக்கும், அங்கே ஒரு நிமிஷம் நின்று சுடுரொட்டி வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொள்வாள். மீன் அறுக்கிற மேடையில் பெலிகன் பறவைகள் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும், அவற்றுக்கு ஒரு வணக்கம் போடுவாள். டாக்டர் வீட்டு எலுமிச்சை மரம் வேலிக்கு வெளியே கிளை நீட்டியிருக்கிறது, அதில் ஒரு பழம் பறித்துப் பையில் போட்டுக்கொள்வாள். வேலியைத் தாண்டி வந்த பழம் ஊர்ப்பழம் என்பது அவள் போட்ட சட்டம்.

கை மட்டும் சும்மா இருக்காது. புல்வெளியில் நனைந்து கிடக்கிற செய்தித்தாளை எடுத்து வாசற்படியில் வைப்பாள். உருண்டு போன குப்பைத்தொட்டியை நிமிர்த்துவாள். மணலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பை எடுத்துச் சுவர்மேல் வைப்பாள். யார் கேட்டார்கள் இவளை? யாரும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக ஊரே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இப்போது அவள் மட்டும் சிரிப்பதில்லை.

பெரிங்காவில் நகராட்சிச் சட்டத்தை எவரும் மதிப்பது கிடையாது. நாயைக் கட்டிக் கூட்டிப் போ என்று பலகை வைத்தால் அந்தப் பலகையிலேயே நாயைக் கட்டுவார்கள். ஆனால் கம்பிக்கு ஒரு சட்டம் உண்டு. அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, எல்லோரும் உயிர் போல மதிக்கிறார்கள். தண்ணீரில் இறங்குகிறவர் துண்டைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகக் கிளம்புகிறவர் கம்பியை ஒரு முறை கோடியிலிருந்து கோடி வரை பார்ப்பார். துண்டு தொங்கினால் தண்ணீரில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் வரும்வரை நிற்க வேண்டும், வரவில்லை என்றால் மீட்புப் படகுக்குப் போன் பண்ண வேண்டும். அடுத்தவர் துண்டைத் தொடவே கூடாது. காற்றில் விழுந்து கிடந்தால் எடுத்து அதே இடத்தில் மாட்டலாம், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை காலையில் குளத்தில் ஆறு தலைகள். கம்பியில் ஏழு துண்டுகள்.

ஏழாவது, வழக்கம்போல, கோடியில் தொங்கியது. குளத்துச் சுவரைத் தாண்டித் திறந்த கடலுக்கு இறங்குகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில். நீலமும் பழுப்புச் சிவப்புமாகப் பட்டை போட்ட துண்டு. மற்ற ஆறும் காற்றில் படபடத்தன, அது மட்டும் ஆடவில்லை. லினெட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது ஆறுதான் இருந்தது. ஆனால் கோடிக் கம்பிக்குக் கீழே, காய்ந்த சிமெண்டுத் தரையில், கையகலத்துக்கு ஈரம் தேங்கி நின்றது. நனைந்த ஆள் ஒருவர் அங்கே ரொம்ப நேரம் நின்றால் அப்படித்தான் சொட்டித் தேங்கும்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இது காலை ஆறே முக்காலுக்கு, நல்ல வெளிச்சத்தில், பெலிகன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. மூன்றரை வருஷமாக வந்துகொண்டிருந்தது.

"என்ன தாயே, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

குளத்திலிருந்து ஏறி வந்தவன் டெஸ். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எழுபத்து மூன்று வயது. குளத்துக்கு முதலாளி மாதிரி ஒரு தொப்பை. காலையில் கடைசியாகக் கிளம்பிக் கம்பியைப் பார்க்கிற பொறுப்பு அவனுடையது. அவனாக எடுத்துக்கொண்ட பொறுப்பு, யாரும் கொடுத்ததில்லை.

"இந்த ஈரத்தைப் பாரு டெஸ். எவ்வளவு வெயில் அடிச்சாலும் இந்த இடம் மட்டும் காய மாட்டேங்குது."

"எதாவது நாய் காலைத் தூக்கியிருக்கும். இதையும் துடைக்கணுமா உனக்கு? அப்படியே என் வீட்டுக்கு வந்துடு. கழிப்பறை ஒரு மாசமா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். லினெட்டும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள்.

குளியல் முடிந்ததும் எல்லோரும் இரினியின் காபிக் கடைக்குப் போவார்கள். இரினி கிரேக்கக்காரி. நாற்பது வருஷமாக அதே ஜன்னலில் நின்று அதே காபியைப் போட்டுக் கொடுக்கிறாள், ஊர்ச் செய்தியும் அதே ஜன்னல் வழியாகத்தான் வெளியே வரும்.

"வெள்ளிக்கிழமை மாரீன் போறா, தெரியுமில்ல?" என்றாள் இரினி, பாலை நுரைக்க விட்டுக்கொண்டே.

மாரீன், மூன்றரை வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடலில் இறந்துபோன கெல்வினின் மனைவி. லினெட்டின் கை குவளைமேல் அப்படியே நின்றது. "எந்த வெள்ளிக்கிழமை?"

"நாளை மறுநாள்தான். வீடு வித்தாச்சு. தூவும்பாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறா. கடலே கண்ணுல படாத ஊரா பார்த்துப் போறேன்னு சொன்னா."

"நான் நேத்து போய்ப் பார்த்தேன்," என்றான் டெஸ். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரொட்டியில் வெஜிமைட் என்கிற உப்புப் பசையைத் தடவிக்கொண்டிருந்தான். "போறதுக்கு முன்னாடி கெல்வின் பேருல ஒரு பெஞ்சு போடலாம், ஒரு தகடு அடிக்கலாம், 'முப்பது வருஷம் இங்க நீந்துனவரு'ன்னு எழுதலாம்னு கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தா. 'விட்டுட்டுப் போகணும்னு முடிவு பண்ணிப் போன மனுஷனுக்குப் பெஞ்சு எதுக்கு டெஸ், அவரு உட்காரவா போறாரு'ன்னு கேட்டுட்டுச் சாத்திட்டா."

"அவளைச் சொல்லிக் குத்தமில்ல," என்றாள் இரினி. "துண்டை மாட்டாம எறங்குனாருன்னா என்ன அர்த்தம்? என்னைத் தேடாதீங்கன்னுதானே."

"கம்பி காலியாத்தான் இருந்துச்சு." டெஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "நான்தான் கடைசி. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன். சில நாள் ராத்திரி முழிப்பு வந்தா யோசிப்பேன், பனிமூட்டத்துல சரியாப் பார்க்கலையோன்னு. லினெட், நீயே சொல்லு, எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"நல்லாத்தான் தெரியுது," என்றாள் லினெட். காபி நாக்கைச் சுட்டது. அவள் துப்பவில்லை, விழுங்கினாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அது ஏப்ரல் மாதம். பனிமூட்டம், கூடவே தூறல் வேறு ஆரம்பித்திருந்தது. கெல்வின் எல்லோருக்கும் முன்னால் வந்து, குளத்தில் இறங்காமல் சுவரைத் தாண்டித் திறந்த கடலில் நீந்துகிறவன். மிதவை வரை போய்த் திரும்பி, ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவான். மறதிக்காரன். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை துண்டைக் கம்பியிலேயே விட்டுவிட்டு, சொட்டச் சொட்ட வேனில் ஏறிப் போயிருந்தான். இரண்டு முறையும் லினெட்தான் எடுத்துக்கொண்டு போய் அவன் வாசலில் மாட்டினாள். அதுவே சட்டத்தை மீறியதுதான். ஆனால் கெல்வின் சிரித்தான், மாரீன் கேக் கொடுத்தாள், எவரும் தப்பாகச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை ஆறு ஐம்பதுக்கு அவள் கம்பியருகே வந்தபோது கோடியில் அந்தத் துண்டு தொங்கியது. வேன் நிற்கும் இடத்தைப் பார்த்தாள், வேன் இல்லை. மறுபடியும் மறந்துவிட்டுப் போய்விட்டான், நனையப் போகிறதே என்று துண்டை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். முழுசாக இரண்டு நொடி வேலை. தூறல் வலுத்ததால் காபிக்குக்கூட நிற்காமல் மேல்வழியாக வீட்டுக்கு நடந்தாள். ஏழேகாலுக்கு டெஸ் கம்பியைப் பார்த்தான், காலியாக இருந்தது, எல்லோரும் போய்விட்டார்கள். வேன் பேட்டரி இறங்கிப்போய் வீட்டிலேயே நின்றதும், கெல்வின் அன்று நடந்தே குளத்துக்கு வந்ததும் அவளுக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அதற்குள் மாரீன் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மீன்பிடிப் படகு ஒன்று அவன் உடலைக் கொண்டுவந்தது. எந்த நேரத்தில் போனான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆறரைக்கா, ஏழரைக்கா, எட்டுக்கா? அந்தக் கேள்விதான் லினெட்டை விடவே இல்லை. ஏழரை என்றால், துண்டு கம்பியில் இருந்திருந்தால், டெஸ் நின்றிருப்பான், படகு வந்திருக்கும்.

போலீஸ்காரர் இரினியின் கடையில் உட்கார்ந்து எல்லோரையும் விசாரித்தார். "துண்டு இல்லை, கம்பி சுத்தமாக இருந்தது" என்று டெஸ் அடித்துச் சொன்னான். அந்த நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் பார்த்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்குள் யாரோ ஒருவர், "துண்டு மாட்டாமலா எறங்குனாரு?" என்று கேட்டுவிட்டார். முப்பது வருஷம் கம்பிச் சட்டத்தை மதித்த மனிதன் துண்டை மாட்டாமல் கடலில் இறங்கினான் என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறான், துண்டைக்கூடக் கடலோடு விட்டுவிட்டான். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அந்தப் பேச்சு, இரண்டாவது வாரத்தில் மாரீனும் அதை நம்பிவிட்டாள். மூன்றாவது வாரத்தில் லினெட் நாற்பது மைல் தள்ளி தானத்துக்குப் பழைய துணி போடுகிற ஒரு பெட்டியில் அந்தத் துண்டைப் போட்டுவிட்டு வந்தாள். கோழை. வேறு வார்த்தை இல்லை, அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் பனிமூட்டம். குளத்தில் ஐந்து தலைகள். லினெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை எண்ணினாள். ஐந்து துண்டுகள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். ஐந்தேதான். மூன்றரை வருஷத்தில் முதல் முறையாகக் கணக்கு நேராக வந்தது. அப்பாடா, போய்விட்டான் என்று நெஞ்சு லேசானது. அப்படியே பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினாள்.

கடலிலிருந்து ஏறும் படியில் ஈரக் காலடிகள் இருந்தன. வெறுங்கால், ஆண் கால், பெரியது. கோடிக் கம்பி வரைக்கும் நேராக வந்து அங்கே நின்றன. அப்புறம் வலது பக்கம் நாலு அடி, திரும்பி இடது பக்கம் நாலு அடி. உடை மாற்றும் அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, மறுபடியும் கம்பிக்கே வந்தன. கம்பியின் மேல் வரிசையாக ஈரக்கைத் தடங்கள். மாட்டிய இடத்தில் ஒரு பொருளைக் காணாமல் இங்கேதானே வைத்தேன் என்று தடவிப் பார்க்கிறவனின் கை அப்படித்தான் போகும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவன் தன்னை மிரட்டத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, சரியான பைத்தியக்காரத்தனம். அவனுக்கு லினெட்டைப் பற்றி என்ன கவலை? அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு துண்டைத் தேடுகிறான். துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

"கெல்வின்," என்றாள் மெதுவாக. "மன்னிச்சுக்கோப்பா. என்கிட்டதான் இருந்துச்சு."

குளத்திலிருந்து டெஸ் குரல் கொடுத்தான். "யாருகிட்ட பேசுற? பெலிகன் பதில் சொல்லுச்சுன்னா எனக்கும் சொல்லு!"

அவள் திரும்பி நடந்தாள். எலுமிச்சை பறிக்கவில்லை, பேக்கரி பின்வாசலில் நிற்கவில்லை. மேட்டுப்பாதையில் ஏறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவளுடைய காலணித் தடத்துக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற தூரத்தில், ஈரக் காலடிகள் வந்துகொண்டிருந்தன. அவசரம் இல்லாத நடை. வீட்டுக்குப் போகிற மனுஷனின் நடை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனாலும் அவள் ஓடவில்லை. அவனுக்கு ஈடு கொடுத்து நடந்தாள். மாரீனின் வாசற்கதவு வரைக்கும் வந்தன அந்தக் காலடிகள். அதற்கு மேல் இல்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டிகள். மாரீன் சமையலறையில் கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுபது வயது, நெட்டையான பெண்மணி, ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தவள். முதுகு இன்னும் வளையவில்லை.

"வா லினெட். தூக்கிட்டுப் போறதுக்கு எதாவது வேணுமா? அந்த வடிகட்டியை எடுத்துக்கோ. என் தங்கச்சிகிட்ட மூணு இருக்கு."

"ஒண்ணும் வேண்டாம்."

"உட்காரு. நாற்காலி எல்லாம் போயாச்சு, பெட்டி மேல உட்காரு. அதுல இல்ல, அது கண்ணாடி."

லினெட் உட்காரவில்லை. பேருந்தில் முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய குரல் இப்போது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மாரீன், அன்னைக்குக் கம்பியில துண்டு இருந்துச்சு."

"என்னைக்கு?"

"கெல்வின் போன அன்னைக்கு. மறந்துட்டுப் போயிட்டாருன்னு நினைச்சு நான் எடுத்துட்டேன். வேனைக் காணோம், மழை வேற. டெஸ் பார்க்கும்போது அது என் பையில இருந்துச்சு."

மாரீன் திரும்பவில்லை. கையிலிருந்த கோப்பையைச் சுற்றி முடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள். இன்னொரு தாளை எடுத்து நீவினாள்.

"எந்தத் துண்டு?"

"நீலமும் பழுப்பும் பட்டை போட்டது."

"அவருகிட்ட அப்படி ஒண்ணு இருந்தது ஊருக்கே தெரியும்." மாரீனின் குரல் உலர்ந்து கிடந்தது. "நான் போறேன்னதும் மனசு ஆறட்டும்னு கதை கட்டிக்கிட்டு வந்தியா? பாதிரியாரும் இதே மாதிரி ஒண்ணு முயற்சி பண்ணிப் பார்த்தாரு. நல்ல மனசுதான் உனக்கு. போயிட்டு வா."

"ஒரு மூலையில மாட்டுறதுக்குக் காது வெச்சிருந்துச்சு," என்றாள் லினெட். "பச்சை நாடா. குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தையல் போட்டு. முன்னாடி நான் கொண்டுவந்து குடுத்தப்போ ரெண்டு தடவையும் அது இல்ல. அன்னைக்குத்தான் புதுசாப் பார்த்தேன்."

தாள் மாரீனின் கையில் கசங்கியது. அவள் மெல்ல நகர்ந்து, கண்ணாடி என்று சொன்ன அதே பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே எதுவோ விரிசல் விட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"முந்தின நாள் சாயங்காலம் தைச்சது," என்றாள் மாரீன். "காத்துல பறந்து பறந்து விழுதுன்னு கொண்டுவந்து குடுத்தாரு. 'கெட்டியாத் தை மாரீன், குளிர்காலம் பூரா தாங்கணும்'னு சொன்னாரு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஏன் தெரியுமா? அதைக்கூட எனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு நடிச்சாருன்னு நினைச்சேன். போகப் போற மனுஷன் எங்கிட்ட நாடா தைக்கச் சொல்லி நாடகம் ஆடிட்டுப் போயிருக்காருன்னு நினைச்சேன்."

லினெட்டுக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"இப்போ எங்க அந்தத் துண்டு?"

"பழைய துணிப் பெட்டியில போட்டுட்டேன். வேற ஊருல. பயந்துபோய்."

"துவைச்சுப் போட்டியா?"

லினெட் தலையைக் குனிந்துகொண்டாள். "துவைச்சு, மடிச்சு."

மாரீன் சிரித்தாள். காதால் கேட்கச் சகிக்காத சிரிப்பு. "நீ துவைச்சுத்தான் போட்டிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?" அடுத்த நொடி அந்தச் சிரிப்பு அறுந்து, அவள் கத்தினாள். "மூணரை வருஷம்டி! தினம் இந்த ஜன்னலைத் தாண்டித்தானே நடந்து போன? கையை ஆட்டுவ, நானும் ஆட்டுவேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உள்ள வந்து சொல்ல உனக்கு வாய் வரலையா? அந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்ல. அவரு சாம்பல் இன்னும் துணி துவைக்கிற ரூமுல சோப்புத்தூள் பக்கத்துல இருக்கு. இதுக்குமேல மரியாதை எதுக்குன்னு அங்க வெச்சேன்."

"நான் எடுக்காம இருந்திருந்தா டெஸ் நின்னிருப்பான். படகு வந்திருக்கும். ஒருவேளை அவரு..."

"அதை நீயே வெச்சுக்கோ." மாரீன் கையை நீட்டித் தடுத்தாள். "அது உன்னோடது. அதையும் சேர்த்துத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. திரும்பி வரணும்னுதான் போனாரா?"

"மாட்டிட்டுத்தான் போனாரு மாரீன். ஒழுங்கா, நீ தைச்ச நாடாவுல மாட்டிட்டு."

மாரீன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள். லினெட் பக்கத்தில் போகவும் இல்லை, தொடவும் இல்லை. தொடுகிற உரிமையை அவள் தொலைத்து ரொம்ப நாள் ஆயிற்று.

கொஞ்ச நேரத்தில் மாரீன் எழுந்தாள். மேஜை மேல் கிடந்த கைபேசியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பெயரைத் தேடினாள்.

"யாருக்கு?"

"கிரேக்குக்கு." கிரேக் அவர்களுடைய ஒரே மகன், தேசத்தின் மேற்குக் கோடியில், சில மணி நேரம் பிந்தி விடிகிற பெர்த்தில் இருப்பவன். "அப்பா பேச்சை எடுத்தா போனை வெச்சுடறான். அவன் வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல. போன மாசம் பிள்ளை பொறந்துச்சு. என்ன பேரு வெச்சேன்னு கேட்டேன், நம்ம குடும்பத்துல இல்லாத பேராப் பார்த்து வெச்சேன்னான்."

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காதே."

"விடியட்டும்." எண்ணை அழுத்திவிட்டுக் கைபேசியை லினெட்டின் முன்னால் நீட்டினாள். "சொல்லு."

"நானா? நீ சொல்லு மாரீன். நீ சொல்றதுதான் முறை."

"நான் சொன்னா, அம்மா ஆசையில உளர்றான்னு நினைப்பான். நீதானே எடுத்த? நீயே சொல்லு."

லினெட் கைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போகட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. எடுத்துவிட்டான்.

"ஹலோ? அம்மாவா? என்னம்மா இவ்வளவு சீக்கிரமா?"

கெல்வினின் குரல் அது. கடைசி எழுத்தை இழுக்கிற அதே இழுப்பு, தூக்கக் கலக்கத்தில் செருமிக்கொள்கிற அதே செருமல். மூன்றரை வருஷமாகக் கம்பிக்குக் கீழே வாய் திறக்காமல் நின்றவன் இப்போது அவள் காதோடு காதாகப் பேசினான். கைபேசியைக் கீழே போட்டுவிட்டு ஓடத்தான் கால் துடித்தது. மாரீன் எதிரிலேயே நின்றுகொண்டு, கண் இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரேக், நான் லினெட் பேசறேன். ஸ்கூல் பஸ் லினெட்."

"அம்மாவுக்கு எதாவது ஆச்சா?"

"அம்மா நல்லா இருக்காங்க, பக்கத்துலதான் இருக்காங்க. உங்கப்பா அன்னைக்குத் துண்டை மாட்டிட்டுத்தான் எறங்குனாரு. அதை எடுத்தது நான். வீட்டுக்குத் திரும்பி வரணும்னுதான் உங்கப்பா போனாரு, கிரேக்."

அந்தப் பக்கம், எங்கோ தூரத்தில், அந்த வீட்டுக்குள், ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. யாரும் அதைத் தூக்கப் போகவில்லை. அப்புறம் அதே குரல் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

லினெட் இன்னொரு தடவை சொன்னாள்.